சாரலைப் பார்த்து மனை வாங்காதீர்கள்: ஓய்வுக்காலத்துக்கு நெல்லைப் பக்கம் வருபவர்களுக்கு

ஜூன் பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் விழ ஆரம்பித்ததும் இலஞ்சி, மேலகரம் சாலையோரங்களில் வெளியூர்க் கார்கள் நிற்கத் தொடங்கும். அருவியில் குளித்த தலை காய்வதற்குள் டீக்கடையில் வந்து, "இங்கே பத்து சென்ட் கிடைக்குமா?" என்று விசாரிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ முப்பது வருடம் உழைத்துவிட்டு, மிச்சக் காலத்தை வெயிலும் காற்றும் உள்ள ஊரில் கழிக்கலாம் என்று வருகிறவர்கள். அவர்களிடம் நேரில் சொல்ல நினைப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாரலில் முடிவெடுக்காதீர்கள். அதே இடத்தைச் சித்திரையில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

நானும் என் மனைவியும் இங்கிலாந்தின் லெஸ்டரில் 26 வருடம் இருந்தோம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர். அங்கிருந்து திரும்பி இலஞ்சியில் ஒரு வருடம், அம்பாசமுத்திரத்தில் ஒன்றரை வருடம் வாடகைக்கு இருந்தோம். இப்போது பாளையங்கோட்டையில் நாலாவது வருடம். இங்கேதான் வீடு வாங்கினோம். மூன்று ஊரும் எங்களுக்குப் பிடித்த ஊர்கள்தான். ஆனால் பிடித்த ஊர் வேறு, எழுபத்தைந்து வயதில் இருக்கத் தோதான ஊர் வேறு என்பது மூன்றாவது வீட்டில்தான் புரிந்தது.

முதலில் காகிதம்

ஊர் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பு உங்கள் கையில் இருக்கும் பாஸ்போர்ட் என்ன நிறம் என்று பாருங்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருந்தவர் என்றால், நிரந்தரமாகத் திரும்பிய பிறகு உங்களுக்குத் தடையில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வேண்டும். அது இருந்தால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இங்கே தங்கலாம், வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது.

இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ஓ.சி.ஐ. அட்டைக்காரரும், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. அப்பா வழியில் பாகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இங்கே தரகர்கள் முதலில் காட்டுவதே தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு. "தோப்பை உங்க மச்சான் பேருல போட்டுக்கிடலாம் சார்" என்று சொல்வார்கள். போடாதீர்கள். அந்த மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பிறகு வரும் பிள்ளைகளுக்கு அது உங்கள் பணம் என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது மாத வருமானம். பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் இந்தியாவுக்கு வரும். ஆனால் ஆண்டுதோறும் அங்கே ஏற்றுகிற தொகை இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. முதல் நாள் என்ன தொகையோ அதுவே நிற்கும். இங்கே விலைவாசி நிற்காது. அமெரிக்காவின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் இங்கே வரும், ஆனால் முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் வராது. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்துக்கு, 18 வயதுக்குப் பிறகு 20 ஆண்டு அங்கே வசித்திருந்தால்தான் வெளிநாட்டிலிருந்தும் காலவரையில்லாமல் வாங்கலாம். பிரிட்டனின் இலவச மருத்துவமும் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். நிரந்தரமாகக் கிளம்பிவிட்டால் அந்த உரிமையும் போய்விடும்.

அதனால் இங்குள்ள மருத்துவக் காப்பீட்டைத் திரும்புவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனம் மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். அந்த மூன்று ஆண்டு நீங்கள் அங்கே வேலையில் இருக்கும்போதே கழிந்துவிட்டால் லாபம். வருமான வரிக்கு, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டு ஒரு இடைப்பட்ட நிலை உண்டு; அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி வராது. இதை ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசி, எந்த மாதம் திரும்புவது என்பதையே அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சீமையில் நாலு வானிலை

திருநெல்வேலி என்று மொத்தமாகச் சொல்கிறோம். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. நான் பேசுவது பிரிவதற்கு முன்பிருந்த நெல்லைச் சீமையைப் பற்றி. இதற்குள் ஒரு மணி நேரம் காரில் போனால் வானம் மாறிவிடும். மேற்கே மலை, நடுவே ஆறு, தெற்கே காற்று, கிழக்கே கடல். எந்த வானிலை உங்கள் உடம்புக்கு ஒத்துவரும் என்பதுதான் முதல் கேள்வி.

மலையடிவாரம். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வருவதால் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம், இலஞ்சி, பண்பொழி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலும் குளிர்ந்த காற்றும் இருக்கும். கிழக்கே பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் வருவதற்குள் சாரல் நின்று வெறும் காற்றாகிவிடும். திருநெல்வேலியில் அதே நாளில் வெயில் கொளுத்தும். இலஞ்சியில் நாங்கள் இருந்த வருடம் எங்களுக்குச் சொர்க்கமாகத்தான் இருந்தது, முதல் மூன்று மாதம். அப்புறம் சீசன் கூட்டம் என்றால் என்ன என்று தெரிந்தது. சனி, ஞாயிறு குற்றாலம் சாலையில் ஒரு ஆட்டோ நகர முடியாது. மூட்டுவலிக்காரியான என் மனைவிக்கு அந்த ஈரக்காற்று சேரவில்லை. துணி காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கஷ்டம். லெஸ்டரின் ஈரத்தை விட்டு ஓடிவந்தவர்கள் வேறொரு ஈரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டோம். இதெல்லாம் அங்கே குடியிருந்தால்தான் தெரியும். விடுதியில் நாலு நாள் தங்கினால் தெரியாது.

மலையை ஒட்டி ஒட்டி வீடு தேடுபவர்களுக்கு இன்னொன்று. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. பாபநாசம், மணிமுத்தாறு, கடையம், களக்காடு அடிவாரக் கிராமங்களில் காட்டுப்பன்றி சாதாரணம். கரடி, சிறுத்தை, யானையும் இறங்கி வருகின்றன. காலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி போகிற பழக்கம் உள்ளவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடிவாரத்தில் சில கிராமங்கள் மலைத்தளப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் அங்கே மனைப் பிரிவுக்குத் தனி அனுமதி வேண்டும். கேட்டுவிட்டுத்தான் முன்பணம்.

ஆற்றங்கரை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி. என் மனசு இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து கோடையிலும் வற்றாமல் ஓடுவதால் இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய் என்று எந்தத் தெருவுக்குப் பின்னாலும் ஒரு வாய்க்கால் சலசலக்கும். வெயில் அடித்தாலும் வயல் காற்று வீட்டுக்குள் வரும். செங்கோட்டை போகிற ரயில் பாதை இந்த ஊர்களை வரிசையாகத் தொட்டுப் போவதால் நெல்லைக்கு வர காரே வேண்டாம். வாடகையும் குறைவு. படித்துறையில் காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்து இட்லி சாப்பிட்ட அந்த ஒன்றரை வருடத்தை எந்தப் பணத்துக்கும் வாங்க முடியாது. (ஆனால் நகரத்தைத் தாண்டிய பிறகு ஆற்றில் கழிவுநீர் கலக்கிறது. குளிக்க ஆசைப்படுபவர்கள் நகரத்துக்கு மேற்கே வீடு தேடுங்கள்.) வாய்க்கால் இருந்தால் கொசுவும் இருக்கும், எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்த வீடாகப் பாருங்கள்.

தெற்குச் சமவெளி. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, ராதாபுரம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் இங்கே எஜமான். அதனால்தான் அந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலைகள். ஆடியில் மாடியில் நின்று பேச முடியாது, கதவு தானாக அறையும், புழுதி பறக்கும். மழை குறைவு. நாகர்கோவிலுக்கும் நெல்லைக்கும் நடுவே நாற்கரச் சாலைப் பக்கம் இருப்பது இந்த ஊர்களின் பெரிய வசதி. சொந்தபந்தம் அங்கே இருந்தால் போங்கள். இல்லாதவர்கள் ஆடி மாதம் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இதே பக்கத்தில் மலையோரமாக இருக்கும் திருக்குறுங்குடி மட்டும் தனி அழகு. ஓடையும், நம்பி கோயிலும், அமைதியும் உண்டு. ஆனால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு நேரமாகும்.

கடற்கரை. உவரி, கூட்டப்பனை, திசையன்விளைப் பக்கம் செம்மணல் மேடான தேரிக்காடு. காற்று நன்றாக இருக்கும், வியர்க்கும், இரும்பெல்லாம் துருப்பிடிக்கும், கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். கூடங்குளம் அணுமின் நிலையம் ராதாபுரம் தாலுகா கடற்கரையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இடம் பார்ப்பவர்கள் அங்கே வசிப்பவர்களிடம் பேசிவிட்டு உங்கள் மனசு ஒப்புகிறதா என்று பாருங்கள்.

இனி நகரம். பாளையங்கோட்டையிலும் டவுனிலும் சித்திரை, வைகாசியில் 38, 39 டிகிரி சாதாரணம். 40ஐத் தொடும் நாட்களும் உண்டு. வெயில் வேண்டும் என்று வருகிறவர்கள் இந்த வெயிலை ஒரு முறை மதியம் இரண்டு மணிக்கு வண்ணார்பேட்டையில் நின்று பார்க்க வேண்டும். மேல்மாடியில் குடியிருந்தால் ராத்திரி பத்து மணிக்கும் தட்டட்டி (மொட்டை மாடித் தளம்) அனல் கக்கும். ஆகவே தரைத்தளம், வேப்பமரம், குறுக்குக் காற்றோட்டம் என்று தேடுங்கள். மேற்குச் சுவரில் படுக்கையறை வேண்டாம்.

ராத்திரி இரண்டு மணிக் கணக்கு

இலஞ்சியில் ஒரு ராத்திரி என் மனைவிக்கு நெஞ்சு அடைப்பது போல இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வண்டி கொண்டுவந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் அந்த நேரம் இதயம் பார்க்கும் டாக்டர் இல்லை. நெல்லைக்குப் போகச் சொன்னார்கள். தென்காசியிலிருந்து நெல்லை 55 கிலோமீட்டர் சொச்சம். அந்தப் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் வாயுத்தொல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் காரின் பின்சீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அடுத்த வீடு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியும் நேரே பாளைக்கு வரவில்லை. ஆற்று ஆசையில் நடுவே அம்பாசமுத்திரம் போனோம். அங்கிருந்து நகரம் முக்கால் மணி நேரம் என்பதால் கொஞ்சம் தைரியம். ஆனால் என் மனைவிக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆன பிறகு, வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வந்து போவது இருவருக்கும் முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வீடு பிடித்துவிட்டால், ஒரு நாள் ராத்திரி உண்மையாகவே கார் எடுத்து அந்த வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்தில் நேரம் குறியுங்கள். பகலில் கூகுள் சொல்கிற நேரத்தை நம்ப வேண்டாம்; ரயில்வே கேட் இருக்கிறதா, தெருவுக்குள் 108 வண்டி திரும்புமா, மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சர் இறங்குமா என்று பாருங்கள். மருத்துவமனைக்குப் போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ராத்திரியில் டியூட்டி டாக்டர் யார்? சி.டி. ஸ்கேன் 24 மணி நேரமும் இயங்குமா? ஆஞ்சியோ செய்யும் வசதி இங்கேயே உண்டா? பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதில் ஒரு மணி நேரம் வீட்டில் யோசிப்பதிலேயே போய்விடும். மிச்சத்தைச் சாலைக்குக் கொடுக்க முடியாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்தச் சீமைக்கே பெரிய ஆஸ்பத்திரி. கண்ணுக்கு ஜங்ஷன் பக்கம் அரவிந்த். தனியார் மருத்துவமனைகள் வண்ணார்பேட்டையிலும் பாளையிலும் நிறைய. தென்காசியிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சாதாரணக் காய்ச்சல், எலும்பு முறிவுக்கு நெல்லை வரத் தேவையில்லை. இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் சிகிச்சை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் குடும்பம் என்றால், என் கருத்து ஒன்றுதான்: நகரத்தில் வீடு, மலையடிவாரத்துக்கு மாதம் ஒரு பயணம்.

வெள்ளம் எங்கே வந்து நின்றது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. நெல்லை நகரில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டையின் தாழ்ந்த பகுதிகள், கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம் என்று எல்லா இடத்திலும் தண்ணீர். அதற்கு முன்பு 1992இல் வந்த வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆறு பெருகும்போதெல்லாம் அது மூழ்கும், உற்சவர் மேலக்கோயிலுக்கு எழுந்தருளிவிடுவார். சாமிக்கு மேலக்கோயில் இருக்கிறது. நமக்கு ஒரே வீடுதான் இருக்கும்.

எனவே வீட்டுத் தரகரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவர் கடைச் சுவரில் இடுப்பளவுக்குக் கையை வைத்துக் காட்டினார். "இதுவரைக்கும் நின்னுச்சு. அரிசி மூட்டை பூராவும் போச்சு. நீங்க அந்த வீட்டையா கேக்கிய? வேண்டாம், ரெண்டு தெரு தள்ளி மேட்டுல பாருங்க." அவர் சொன்ன மேட்டில்தான் இப்போது இருக்கிறோம். இன்னொரு வழி, பெயரைப் பார்ப்பது. குளம், ஏந்தல், தாங்கல் என்று முடியும் இடங்களில் தண்ணீருக்குத் தன் பழைய இடம் ஞாபகம் இருக்கும். புதிய பஸ் நிலையம் இருக்கும் வேய்ந்தான்குளத்தின் பெயரிலேயே குளம் இருக்கிறது. நகரைச் சுற்றிக் கிளம்பியிருக்கும் புதிய நகர்களில் பாதிக்கு நாற்பது வருடம் முன்பு என்ன பெயர் என்று விசாரியுங்கள். கார்த்திகை, மார்கழியில் பாபநாசம் அணை 143 அடியையும் மணிமுத்தாறு 118 அடியையும் நெருங்கும்போது நாளிதழில் அணை நீர்மட்டம் பார்ப்பதும் இங்கே ஒரு பழக்கம். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மறுபக்கமும் உண்டு. நகராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, போர் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். "நல்ல தண்ணிதான்" என்று சொன்னால் போதாது. ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் குறைந்த கட்டணத்தில் பரிசோதித்துத் தருவார்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்பது தரக்கட்டுப்பாட்டு அளவு. சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் இந்தச் சீட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பாளையா, டவுனா?

ஆற்றுக்கு மேற்கே டவுன், கிழக்கே பாளை, நடுவே சுலோசன முதலியார் பாலம். டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரதவீதிகளில் கடை, கோயில், ஓட்டல் எல்லாம் நடை தூரம். காந்திமதியம்மனைத் தினமும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அதைவிட வேறு இடம் இல்லை. ஆனால் நெரிசல், படிக்கட்டு வீடுகள், கார் நிறுத்த இடமின்மை. ஆனித் தேரோட்டத்தின்போது வெளியே வர முடியாது. வர வேண்டிய தேவையும் இருக்காது, அதுவே வாசலுக்கு வரும்.

பாளையில் பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர், என்.ஜி.ஓ. காலனி ஆகியவை ஓய்வு பெற்றவர்கள் ஏற்கெனவே நிறைந்த பகுதிகள். நேரான தெரு, மரம், உழவர் சந்தை, நடக்க இடம். விலை அதிகம். பைபாஸை ஒட்டிய கே.டி.சி. நகர் பக்கம் புதிய வீடுகள் நிறைய. வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போவது சுலபம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து போவதற்குத் திருவனந்தபுரமும் மதுரையும் சுமார் மூன்று மணி நேரத்தில். சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸும், 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் இருக்கின்றன. இதற்கு மேல் போக்குவரத்துக்காக யோசிக்க வேண்டாம்.

மனுஷர்கள்

வயதான காலத்தில் ஒரு ஊரை ஊராக்குவது யார் கதவைத் தட்டலாம் என்பதுதான். சொந்த ஊர் என்றாலும் முப்பது வருடத்தில் நீங்கள் விட்டுப்போன ஆட்கள் அங்கே இருக்க மாட்டார்கள். என் பள்ளிக்கூடச் சிநேகிதர்களில் ஒருவர்தான் மிச்சம். ஆகவே வீடு பார்க்கும்போதே வாசகசாலை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், காலை நடைக் கூட்டம் எது பக்கத்தில் என்று பாருங்கள். உங்கள் துணைக்கு யார் பேச்சுத்துணை என்பதைத் தனியாக யோசியுங்கள். பெரும்பாலும் ஆண்களே ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறோம்.

சொல்லச் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடு கேட்டுப் போனால், "நீங்க என்ன ஆட்கள்?" என்று இங்கே இன்னும் கேட்கிறார்கள். தெருவுக்குத் தெரு சாதி பிரிந்து கிடக்கும் கிராமங்கள் உண்டு. லெஸ்டரில் அத்தனை ஆண்டு எந்தக் கதவிலும் எங்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது. எனக்கு ஒவ்வொரு முறையும் வலித்தது. பதில் சொல்லாமல் திரும்பி வந்த வீடுகள் மூன்று. பாளையின் புதிய பகுதிகளில் எல்லாச் சமூகத்தினரும் கலந்து இருப்பதும் நாங்கள் இங்கே நின்றுவிட்டதற்கு ஒரு காரணம். நீங்கள் எங்கே போனாலும், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் வீட்டுக்குள் போய் வருகிறார்களா என்று கவனியுங்கள்.

வாங்குவதென்றால்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஒரு நல்ல வக்கீல் கட்டாயம் வேண்டும். தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரை ஒவ்வொரு பத்திரமும் கையில் வர வேண்டும். வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்கு. பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா விற்பவர் பேரில் இருக்க வேண்டும், புலப்படத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். கோயில் நிலம், வக்பு நிலம், பஞ்சமி நிலம், நீர்நிலைப் புறம்போக்கு இவற்றில் எதுவும் இல்லை என்று வக்கீல் எழுத்தில் தரட்டும். கோயில் நிலங்கள் இங்கே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவரிடமிருந்து நீங்கள் வாங்கினால், வரி பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது என்பதையும் மறக்க வேண்டாம்.

பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாட்டில் இருந்தே வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். ஒரு மாதம் லீவு போட்டு நேரில் வாருங்கள். கட்டின வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு உடனே செட்டில்மென்ட் எழுதவும் வேண்டாம். உயில் எழுதுங்கள், அதுவே போதும்.

எப்போது தொடங்குவது?

எந்த ஊர் மனதுக்குப் பட்டாலும் முதலில் 11 மாத வாடகை ஒப்பந்தம் போடுங்கள். தையில் பால் காய்ச்சிக் குடிவருவது எல்லாருக்கும் பிடிக்கும். வீடும் அப்போது சுலபமாகக் கிடைக்கும். அப்படி வந்தால் சித்திரை வெயிலை அந்த வீட்டுக்குள் இருந்தே பார்த்துவிடலாம். ஆனி, ஆடியில் சாரலோ காற்றோ எது உங்கள் தெருவுக்கு வருகிறது என்று தெரியும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழைத்தண்ணீர் எந்த வழியாக வடிகிறது, எங்கே தேங்குகிறது என்று குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். நடுவில் ஒரு முறையாவது காய்ச்சல் வரும், அப்போது டாக்டர் யார் என்று தெரிந்துவிடும். கார்த்திகை முடியும்போது ஒப்பந்தமும் முடிந்திருக்கும். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுப்பதா, விலை பேசுவதா என்று நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் உட்கார்ந்து பேச, பொங்கல் வரை நாள் இருக்கிறது.